இருபதடி உயரத்தில் ஒரு டேமேஜ் பீஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, "ஏனுங்க்கா, ஓடறதுக்கு முந்தி டீ குடிக்கலாமுங்களா, குடிச்சா வயிறு புடிச்சுக்குமுங்களா?" என்று ஒருத்தி கேட்டால், வாரத்தில் ஒரே ஒரு நாள் அசந்து தூங்கக் கிடைத்த மனுஷிக்கு எப்படி இருக்கும்? சாரதாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கென்ன அம்மிணி தெரியும்? நான் என்ன ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்குனவளா? குடிச்சுப் பாரு. புடிச்சா நாளைக்குக் குடிக்காத."

கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தாள். தூக்கம் போனது போனதுதான். அந்த மாதத்தில் இப்படி வந்து கேட்டவர்களில் இது ஒன்பதாவது ஆள். எந்தச் செருப்பு போடணும், சேலையை எப்படிக் கட்டணும், மூச்சு முட்டினால் என்ன செய்யணும் என்று ஆளுக்கொரு சந்தேகம். பஸ் கிளம்பிவிட்டால்கூட ஓடிப் பிடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறவளிடம் வந்து கேட்கிற கேள்வியா இதெல்லாம்?

சாரதாமணிக்கு நாற்பத்தெட்டு வயது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனுக்கு இன்சார்ஜ். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் மேசையில் விரித்துப் போட்டு, கழுத்து, தோள், கை, பக்கம், அடிமடிப்பு என்று அதே வரிசையில் கண்ணை ஓட்டி, தப்பிருந்தால் பிடித்து நிறுத்துவதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே பார்த்ததில் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மனுஷர்களைப் பார்த்தாலும் முதலில் சட்டைக் கழுத்தைத்தான் பார்ப்பாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சட்டைக் காலர் ஒரு நூல் கோணியிருப்பதைச் சொல்லி, பெண் வீட்டாரின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

தப்பைக் காட்ட ஒரு சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் உண்டு, அம்பு வடிவத்தில். வேலைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே சாரதாமணி சொல்லிவிடுவாள்: "அம்பு முனை டேமேஜைத் தொடோணும். ஒரு விரக்கடை தள்ளி ஒட்டுனா நீ ஒட்டாத மாதிரித்தான்." அதோடு இன்னொன்றும் சொல்வாள். ரிஜெக்ட் ஆன பீஸிலிருந்து எக்காரணம் கொண்டும் ஸ்டிக்கரை எடுக்கக் கூடாது. எடுத்தால் அது நல்ல பீஸோடு கலந்து, கப்பலேறி, ஏதோ ஒரு தேசத்தில் ஏதோ ஒருத்தர் கையில் போய்க் கிழியும். "ஸ்டிக்கர் இல்லாத டேமேஜ்" என்பதுதான் அவளுக்கு உலகத்திலேயே பெரிய கெட்ட வார்த்தை.

இந்த இரண்டாவது சட்டம்தான் அவள் தலையிலேயே விடிந்தது.

கம்பெனியில் பஞ்சுத் தூசி சேலையில் ஒட்டாமலிருக்கப் பெண்கள் மேலே ஒரு ரிஜெக்ட் டீசர்ட்டைப் போட்டுக்கொள்வது வழக்கம். சாரதாமணியுடையது ஆரஞ்சு நிறம். இடது தோளில் தையல் இரண்டு அங்குலத்துக்கு விட்டுப்போய்ச் சின்ன ஓட்டை இருக்கும். ஓட்டையை முனையால் தொட்டுக்கொண்டு சிவப்பு அம்பு. தன் சட்டத்தைத் தானே மீறலாமா? அம்பு அப்படியே இருந்தது. காலையில் செக்‌ஷனுக்குள் நுழைந்ததும் கை தானாக ஆணிக்குப் போகும். டீசர்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டுதான் மேசைக்கே வருவாள்.

முதலாளி பையன் அருள்செல்வனுக்கு, வெளிநாட்டுக்காரர்களுக்கே எத்தனை நாள் தைத்துக் கொடுப்பது, நாமும் ஓடுகிற துணிக்குச் சொந்தமாக ஒரு பிராண்டு போடலாமே என்று ஆசை வந்தது. 'விருட்' என்று பேர் வைத்தான். வைகாசி மாதத்து வெயிலில் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற தார்ரோட்டில் விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஏற்பாடானது. கோயமுத்தூரிலிருந்து வரவேண்டிய மாடல் பெண் வரவே இல்லை. கேமராக்காரர் குடைக்குக் கீழே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, ஹோல்டில் வைத்திருந்த ஒரு பெட்டி தப்பாக டெம்போவில் ஏறிவிட்டது. நூற்று இருபது பீஸ், அத்தனையிலும் கழுத்துப் பட்டி கோணல். சாரதாமணி எட்டிப் பார்ப்பதற்குள் டெம்போ நகர்ந்துவிட்டது. கூப்பிட்டால் டிரைவருக்குக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், ஓடினாள். "நிறுத்துங்க! அடே, நிறுத்துங்கடா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். வேகத்தடையில் டெம்போ ஏறி இறங்குவதற்குள் பின்கதவைப் பிடித்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் ஓடிய ஓட்டம் அவ்வளவுதான், முந்நூறு அடி இருக்கும்.

கேமராக்காரர் சும்மா இருந்தாரா? எடுத்துத் தள்ளிவிட்டார். மறுநாள் மாடல் பெண் வந்து, சிரித்துச் சிரித்து ஓடி, அறுபது படம் எடுத்தார்கள். அருள்செல்வன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சாரதாமணியிடம் வந்தான். "அக்கா, உங்க படம் ஒண்ணை உபயோகப்படுத்திக்கட்டுங்களா?" அட்டை டப்பாவில் தபால்தலை அளவுக்குப் போடுவான் என்று நினைத்து, "அதுக்கென்ன தம்பி, போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டாள். இப்போது நினைத்தாலும் அந்த வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஆடி மாதம் ஒரு காலையில், அனுப்பர்பாளையத்திலிருந்து வருகிற ரோடு வேலம்பாளையத்துக்குப் பிரிகிற இடத்தில், இருபதடி உயரத்துக்கு எழும்பி நின்றாள் சாரதாமணி. செருகிய சேலை, மேலே ஆரஞ்சு டீசர்ட், ஒரு கையில் ரப்பர் செருப்பு, வாயைத் திறந்து, கண்ணை உருட்டி, டெம்போ டிரைவரைத் திட்டுகிற அதே முகம். டெம்போவை மட்டும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள். கீழே 'நீங்களும் ஓடுங்க' என்று எழுதியிருந்தது. இடது தோளில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிவப்பாக, அந்த அம்பு.

பஸ்ஸிலிருந்து அதைப் பார்த்தவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சேலை தூக்கியிருந்ததோ, முகம் பேய் பிடித்த மாதிரி இருந்ததோ அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அம்புதான் தெரிந்தது. இந்த ஊரில் அந்த அம்பு என்னவென்று தெரியாதவர் யார்? வீட்டுக்கு ஒருவர் பனியன் கம்பெனியில் இருக்கிற ஊர். செக்கிங் இன்சார்ஜ் சாரதாமணி டேமேஜ் பீஸைப் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறாள் என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். மானம் கப்பலேறிவிட்டது.

அதுவும் எந்தச் சமயத்தில்? அவர்கள் தைத்துக் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை ஆபீசிலிருந்து குகன் என்ற அதிகாரி மாதாமாதம் வந்து சரக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கப்பலுக்கு விடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். அவரே போன முறை சொல்லியிருந்தார், இனிமேல் தான் வரத் தேவையில்லை, சாரதாமணி பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆபீசில் எழுதிக் கேட்டிருப்பதாக. ஆவணியில் வந்து கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கொடுப்பார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுடைய கையெழுத்துக்கு ஒரு கப்பல் சரக்கு நகரும். இருபத்திரண்டு வருஷ நிற்பின் பலன் அது. குகன் ரயிலடியிலிருந்து வருகிற காரும் அந்தப் பிரிவு வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அன்றைக்கே அருள்செல்வனின் அறைக்குப் போய் நின்றாள்.

"தம்பி, அந்த போர்டை எறக்கிப்போடுங்க."

"ஏனுங்க்கா? படம் அருமையா வந்திருக்குதே."

"தோள்ல டேமேஜ் ஸ்டிக்கர் இருக்குது. உங்களுக்குத் தெரியலீங்களா?"

"அதுதானுங்க்கா எடுப்பா இருக்குது! டிசைனுன்னு நெனச்சு மதுரையிலிருந்து கடைக்காரர் போன் பண்ணி, அந்த அம்பு போட்ட டீசர்ட் எத்தனை கலர்ல வருதுன்னு கேக்கறாருங்க."

சாரதாமணிக்குத் தலை சுற்றியது. டேமேஜுக்கு ஆர்டர் வருகிறதாம். இதைக் கேட்கவா உயிரோடு இருந்தோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் நிம்மதி இல்லை. அவள் வீட்டுக்காரர் முருகவேல் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். பட்டறைக்குப் போகிற வழியில் தினமும் இரண்டு வேளை போர்டைக் கடந்தாக வேண்டும். "ஊட்டுல வாங்கறது பத்தாதுன்னு ரோட்டுலயும் நீ என்னைப் பார்த்துத் திட்டிக்கிட்டே நிக்கறே" என்றார். பட்டறையில் எல்லாரும் அவரிடம், இப்படி ஓடுகிறாளே, உன்னைத் துரத்திக்கொண்டா என்று கேட்கிறார்களாம். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அவர் தட்டில் ரசம் மட்டும்தான் விழுந்தது.

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். ஓடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

முதல் வாரம் காலையில் போர்டுக்குக் கீழே நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அடுத்த வாரம் பதினைந்து பேர். போர்டுக்கடியில் தொடங்கி, கம்பெனித் தெரு முனையில் இருக்கிற முருகன் கோயிலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவார்களாம். ஓவர்லாக் தைக்கிறவள், பட்டன் வைக்கிறவள், சாயப்பட்டறையில் கூட்டுகிறவள், மாவு மில் வைத்திருக்கிற அம்மாள். சேலைக்கு மேல் டீசர்ட், காலில் ரப்பர் செருப்பு. மூன்று அடி ஓட்டம், முப்பது அடி நடை. சாரதாமணிக்கு அந்த வழியாகப் பஸ்ஸில் போவதே கஷ்டமாகிவிட்டது. அவளைப் பார்த்ததும் கையை ஆட்டுகிறார்கள். இவள் தலையைக் குனிந்துகொள்வாள். கூடவே வீட்டுக் கதவைத் தட்டுகிற கூட்டம் வேறு.

இதற்கிடையில் செக்‌ஷனில் ஸ்டிக்கர் குறைய ஆரம்பித்தது. ஒரு தாளில் நூறு ஸ்டிக்கர் இருக்கும். வாரத்துக்கு நாலு தாள் செலவாகிற இடத்தில் ஐந்து போனது. டேமேஜ் கூடிவிட்டதா என்று பயந்து ரிஜெக்ட் பெட்டியை எண்ணிப் பார்த்தாள். இல்லை. யாரோ எடுக்கிறார்கள். விசாரித்ததில் ஓவர்லாக் டைலர் சின்னத்தாயின் பெயர் வந்தது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து பதினாறு வருஷமாக இங்கேயே இருக்கிறவள். சர்க்கரை வேறு.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் சாரதாமணி போர்டுக்கடியில் போய் இறங்கினாள், கையும் களவுமாகப் பிடிக்க. பெண்கள் அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பி மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி மேலும் சிவப்பு அம்பு.

"சின்னத்தாயி! கம்பெனி ஸ்டிக்கர் உனக்குப் பொட்டு வெச்சு வெளையாடறதுக்கா?"

"கோவிச்சுக்கிராதீகக்கா. ஆளுக்கு ஒண்ணுதேன்."

"இது எதுக்கு ஒட்டறதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியாமயா ஒட்டிருக்கோம்? பாருங்க." சின்னத்தாய் தன் வயிற்றைக் காட்டினாள். இடது விலாவுக்குக் கீழே ஒட்டியிருந்தது. "கணையம் இங்கனதேன் இருக்காம், ஆஸ்பத்திரில சொன்னாக. சர்க்கரைக்கு அதேன் காரணமாம். இவளுக்கு முட்டி. அந்தா வாராள்ல, அவளுக்கு இடுப்பு. மாவு மில்லுக்காரம்மாவுக்கு நெஞ்சுல ஒட்டிருக்கு, ரெண்டு வருசத்துக்கு முன்ன ஆப்பரேசன் பண்ணுனாகள்ல."

சாரதாமணியின் கண் அவளைக் கேட்காமலேயே ஒவ்வொருத்தி மேலும் போய் வந்தது. ஒன்றுகூடத் தள்ளி ஒட்டியிருக்கவில்லை. சொல்லிக் கொடுத்தபடியே முனை அந்தந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்ப ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது, நான் போட்டிருக்கறது டேமேஜுன்னு."

"தெரியாம இருக்குமாக்கா? தெரிஞ்சதுனாலதேன் ஓட வந்தோம். எத்தனை வருசமா ஓடுற துணி தைக்கோம், அட்டையில எத்தனை படம் பாத்திருக்கோம். பூராம் வெள்ளைக்காரப் புள்ளைக, ஒரு சொட்டு வேர்க்காது. அது அவுகளுக்கானது, தைச்சுக் குடுக்கதுதேன் நமக்குன்னு இருந்தோம். நீங்க டேமேஜு ஸ்டிக்கரோட, செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுதீக. சரி, நாமளும் ஓடிப் பாப்போம்னு தோணிருச்சு."

"இனிமேல் ஸ்டிக்கரைத் தொட்டா சீட்டுக் கிழிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கோபம் பாதி வழியிலேயே நமுத்துப் போனது, ஆனால் பயம் கூடிவிட்டது. இவர்களுக்கே தெரிந்திருக்கிறதென்றால் குகனுக்குத் தெரியாமலா போகும்? அவர் வருவதற்கு எட்டே நாள்தான் இருந்தது.

மறுபடி அருள்செல்வனிடம் போனாள். இந்த முறை ஒற்றைக் காலில் நின்றாள். போர்டு இறங்காவிட்டால் வேலையிலிருந்து தான் இறங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான், போனை எடுத்தான், வைத்தான். கடைசியில், "போர்டை எறக்க முடியாதுங்க்கா. வேணும்னா அம்பை மட்டும் அழிச்சுப்போட்டு வேற பிளெக்ஸ் அடிச்சு மாட்டிப்போடலாமுங்க. வியாழக்கிழமை காலைல குகன் சார் வாரதுக்குள்ள மாறியிருக்கும். போதுமுங்களா?" என்றான். போதும் என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கே பிரிவில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். புது பிளெக்ஸ் ஏறியிருந்தது. ஏணியில் நின்று கடைசி மூலைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார் பிளெக்ஸ்காரர் லிங்கசாமி. தோளில் அம்பு இல்லை. சுத்தமாகத் துடைத்த மாதிரி இருந்தது. சாரதாமணிக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரு மாதமாக இந்த ரோட்டில் குனிந்திருந்த தலையை நிமிர்த்தி, தன் படத்தை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தாள்.

பார்த்தது யார்? செக்கிங் இன்சார்ஜ். கழுத்து, சரி. தோள்...

தோளில் ஓட்டை இருந்தது.

அம்பை அழித்த புண்ணியவான் அம்பை மட்டும்தான் அழித்திருந்தான். தையல் விட்ட இரண்டு அங்குலம், இருபதடிப் படத்தில் சாண் நீளத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் பார்க்கிறவர்களின் கண் அம்போடு நின்றுவிட்டது. இப்போது அம்பில்லை, ஓட்டை மட்டும் நின்றது. ஸ்டிக்கர் இல்லாத டேமேஜ். இருபத்திரண்டு வருஷமாக எது தன் மேசையைத் தாண்டிப் போகக் கூடாது என்று காவல் காத்தாளோ, அதைத் தானே ஒற்றைக் காலில் நின்று ஊர் நடுவில் மாட்ட வைத்துவிட்டாள். நேற்று வரை அது அவள் பிடித்து நிறுத்திய டேமேஜ். இன்றைக்கு அது அவள் பாஸ் பண்ணிய டேமேஜ்.

"அண்ணா, அதை அவுத்துப்போடுங்க!"

"வெளையாடறீங்களாம்மா? இப்பத்தான கட்டி முடிச்சேன்" என்றார் லிங்கசாமி மேலிருந்து. "அதுக்கு முதலாளி சொல்லோணும்."

அருள்செல்வனுக்குப் போன் போட்டாள். போன் அணைந்து கிடந்தது. ரயிலடிக்குக் குகனைக் கூப்பிடப் போயிருப்பானோ என்னவோ.

"அப்ப ஒரு துணி கொண்டாந்து தாரேன், அதையாவது ஒட்டித் தாங்க. எத்தனை நேரம் இருப்பீங்க?"

"ஏழரைக்குக் கெளம்பிருவனுங்க. அவிநாசிபாளையத்துல அடுத்த வேலை இருக்குது."

கம்பெனி முக்கால் கிலோமீட்டர். வந்த ஷேர் ஆட்டோ இரண்டிலும் ஆள் வழிந்தது. நிற்காமலே போய்விட்டார்கள். சாரதாமணி இரண்டு பக்கமும் பார்த்தாள். "கருமம், கருமம்" என்று தலையில் அடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, சேலையைத் தூக்கிச் செருகினாள்.

கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் எதிரே வந்தார்கள். போர்டில் இருக்கிறவள் போர்டில் இருக்கிற மாதிரியே, அதே முகத்தோடு ஓடி வருவதைப் பார்த்து முதலில் மிரண்டுபோய் வழிவிட்டார்கள். அப்புறம் என்ன நினைத்தார்களோ, எல்லாரும் திரும்பி அவளோடு ஓட ஆரம்பித்தார்கள்.

"யக்கா, என்ன ஆச்சு?" என்றாள் சின்னத்தாய்.

"பேச... முடியல... போ."

"மூச்ச மூக்கால விடுங்க. குதிகால ஊனாதீக. ஏன் வயித்தப் புடிக்கீக? டீ குடிச்சீகளா?"

"குடிச்சேன்."

"அதேன் புடிக்கி. குடிக்கக் கூடாதுக்கா."

எல்லாம் என் நேரம் என்று நினைத்துக்கொண்டே ஓடினாள் சாரதாமணி.

செக்‌ஷனுக்குள் நுழைந்ததும் கை பழக்கத்தில் ஆணிக்குப் போய் ஆரஞ்சு டீசர்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டது. அது அவளுக்கே தெரியவில்லை. கட்டிங் மேசையில் கிடந்த சிவப்புத் துணியை விரித்து, கத்தரியால் மூன்றடி நீளத்துக்கு அம்பு வெட்டினாள். அவசரத்திலும் முனையைக் கூராக எடுத்தாள். பெட்டி ஒட்டுகிற டேப் இரண்டு ரோலைச் சின்னத்தாயிடம் கொடுத்தாள். திரும்பவும் ஓட்டம். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. நாலு இடத்தில் நின்றாள். நின்ற இடத்திலெல்லாம் அருள்செல்வனைத் திட்டினாள், கேமராக்காரரைத் திட்டினாள், வேகத்தடை போட்டவரையும் சேர்த்துத் திட்டிவிட்டு மறுபடி ஓடினாள். இருபது பேரும் அவள் நின்றால் நின்று, ஓடினால் ஓடினார்கள்.

லிங்கசாமி ஏணியைக் கழற்றி வண்டியில் கட்டிக்கொண்டிருந்தார். இத்தனை பெண்கள் மூச்சிரைக்க வந்து சூழ்ந்ததும் ஏணியை மறுபடி அவிழ்த்துச் சாத்தினார். துணியோடு மேலே ஏறினார்.

"எங்கீங்கம்மா ஒட்டறது?"

"தோள்ல. இன்னும் மேல. அங்கில்லீங்க, அது கழுத்து. எடது பக்கம் வாங்க."

"இங்கிங்களா?"

"முனை ஓட்டையைத் தொடோணுமுங்க. நாலு விரல் தள்ளி நிக்குது பாருங்க."

"ரோட்டுல போறவங்களுக்கு அது தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமுங்க!"

ஒட்டி முடிந்தது. சாரதாமணி கண்ணைச் சுருக்கி, முனையையும் ஓட்டையையும் பார்த்தாள். தொட்டது. அப்போதுதான் மூச்சு முழுதாக வெளியே வந்தது. திரும்பினால், ரோட்டோரம் ஒரு கார் நின்றிருந்தது. குகன் இறங்கி, இடுப்பில் கைவைத்து, மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. காருக்குள் அருள்செல்வன் அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மேடம், அது நீங்கதானே?"

"நான்தானுங்க."

"ஷோல்டர்ல தையல் விட்டிருக்கே."

"விட்டிருக்குதுங்க. அதுக்குத்தானுங்க ஒட்டியிருக்குது."

"இந்த பீஸ் எந்த லாட்ல போச்சு?"

"எதுலயும் போகலீங்க. ஆறு மாசமா..." என்று ஆரம்பித்தவள், அப்போதுதான் குனிந்து தன்னைப் பார்த்தாள். ஆரஞ்சு டீசர்ட் வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "இதுதானுங்க அந்த பீஸ். என்னை விட்டு எங்கயும் போகலீங்க."

குகன் கிட்டே வந்தார். அவள் இடது தோளைப் பார்த்தார். ஓரம் தேய்ந்துபோன சின்னச் சிவப்பு அம்பு, சின்ன ஓட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அண்ணாந்து பெரிய அம்பைப் பார்த்தார். மறுபடி சின்னதைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற பெண்களை, அவர்கள் வயிற்றிலும் இடுப்பிலும் நெஞ்சிலும் இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பேப்பர் கொண்டு வந்திருக்கேன். ஒரு லாட் பார்த்துட்டு உங்க கையெழுத்தை வாங்கிக்கறேன்" என்றார். "வண்டியில ஏறுங்க, டைம் ஆச்சு."

சாரதாமணிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதுவும் ஒரு எரிச்சல், இத்தனை பேர் முன்னாலா? முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைக்கிற மாதிரி அதையும் சேர்த்துத் துடைத்தாள். காரில் ஒரு காலை வைத்தவள், திரும்பிப் பார்த்தாள். இருபது பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"நீங்க முன்னால போங்க சார். நான் இவுங்களோட வந்தர்றேன்."

கார் போனது. அவள் சின்னத்தாயிடம் கையை நீட்டினாள்.

"அந்தத் தாளை எடு."

"எந்தத் தாளுக்கா?"

"நடிக்காத. இடுப்புல சொருகியிருக்கறது எனக்குத் தெரியுது."

சின்னத்தாய் அசடு வழிய எடுத்துக் கொடுத்தாள். சாரதாமணி ஒரு ஸ்டிக்கரைக் கிழித்தாள். குனிந்து, சேலைக்கு மேலாகவே வலது முழங்காலை விரலால் அமுக்கிப் பார்த்தாள். வலிக்கிற இடம் கிடைத்ததும் முனையை அங்கே வைத்து அழுத்தினாள். நிமிர்ந்து நின்று பார்த்தாள். அரை விரக்கடை தள்ளியிருந்தது. எடுத்துவிட்டு மறுபடி சரியாக ஒட்டினாள்.

"எட்டரைக்குப் பெல் அடிச்சிருவாங்க. என்ன வேடிக்கை? ஓடுங்க" என்றாள்.